சக் சாவி

கொன்ஸ்ரன்ரைனுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, திரும்ப மன்னாருக்கு வந்து, துருப்பிடித்துக் கிடந்த கடைசல் மெசினை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து எழுப்பினவர் அவர். இப்போது அதற்கு முன்னால் நிற்கிறவன் பார்த்தீபன். இந்தியாவில் அகதியாய் இருந்த காலத்தில் பிளாஸ்ரிக் கொம்பனியில் வேலை பழகினானாம். நறுவிலிக்குளத்தில் மீளக்குடியேறி இரண்டு மாதம் ஆகவில்லை, அதற்குள் முதலாளி அமிர்தநாயகத்தின் வாயில் எந்த நேரமும் அவன் பேர்தான்.

எல்லாம் அந்த ஐஸ் பக்டரி வளையத்தால் வந்த வினை. பம்புக்குப் போடுகிற வளையம், சுளகு அகலத்தில் வெள்ளைப் பிளாஸ்ரிக். முதல் வளையத்தைக் கொன்ஸ்ரன்ரைன்தான் கடைந்தார். மெசினின் சக், மூன்று இரும்புப் பல்லால் சாமானைக் கவ்விக்கொண்டு சுற்றும். இரும்புக்கு இறுக்குகிற மாதிரியே, சக் சாவியில் பலத்துக்கு ஒரு குழாய் மாட்டி இறுக்கினார். சுற்றும்போது வட்டம் அச்சொட்டு. பிடி விட்டதும் வளையம் மூன்று மூலையாய் நெளிந்து நின்றது. முதலாளி அதைத் தூக்கி மூலையில் சாத்தினார். திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

இரண்டாவதைப் பார்த்தீபன் எடுத்தான். பல் நேரே கடிக்காமல், வளையத்தைச் சுற்றி அகலமான அலுமினியப் பட்டி போட்டான். பின்னால் ஒரு தட்டைத் தாங்கலுக்கு வைத்தான். சாவியை ஒற்றைக் கையால் திருப்பினான்.

"உந்த இறுக்குக் காணுமோ? கழண்டு பறக்காதோ?" என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

"காணும் அண்ணை. கூட இறுக்கினால்தான் வெடிக்கும். மெல்ல மெல்லச் சீவினால் நிக்கும்."

"பாத்தீரே, கையில இருக்கு விசயம்," என்றார் முதலாளி.

அந்தச் சொல் கொன்ஸ்ரன்ரைனின் நெஞ்சில் போய் ஏறியது. இருபது வருசமாய் இந்தக் கை என்ன, புல்லுப் பிடுங்கினதாமோ?

முதலாளியும் பார்த்தீபனும் தேத்தண்ணிக்கு வெளியே போன நேரம் அவர் சாவியை எடுத்தார். குழாயை மாட்டினார். பலம் எல்லாம் சேர்த்து ஒரு இறுக்கு. இவனுடையதும் கோணட்டும், அவ்வளவுதான் நினைத்தார். எங்கேயோ 'டிக்' என்றது. கேளாதவர் மாதிரிக் குழாயைக் கழற்றி வைத்தார்.

திரும்பி வந்த பார்த்தீபன் சுவிட்சில் கை வைத்தான். பிறகு கையை எடுத்தான். "அண்ணை, மறந்திட்டன். சிலுவை போட்டு விடுங்கோ."

அது கொன்ஸ்ரன்ரைனின் வழக்கம். பெரிய சாமான் ஏற்றினால், முதல் சுற்றுக்கு முன் பெருவிரலால் அதில் சிலுவை கீறுவார். தன் சாமானுக்கு மட்டும்தான். இப்போது திருநீறு பூசுகிற சைவக்காரன் கேட்டு நிற்கிறான், என்னத்தைச் சொல்லி மறுக்கிறது?

போனார். நெடுக்கே கீறினார். குறுக்கே கீறும்போது நகம் எதிலோ தட்டுப்பட்டது. மயிரிழை வெடிப்பு. ஓடவிட்டால் துண்டு பறந்து முன்னால் நிற்கிறவனின் நெஞ்சில்தான் அடிக்கும். சொன்னால் இருபது வருசப் பேர் போச்சு.

"சுவிட்சைப் போடாதை," என்றார். "வெடிச்சிருக்கு. நான்தான் இறுக்கினனான்."

"ஏன்?" முதலாளிதான் கேட்டார்.

"எரிச்சல். வேற என்ன."

பார்த்தீபன் வெடிப்பைத் தடவிப் பார்த்தான். தன் நெஞ்சையும் ஒருதரம் தடவினான்.

முதலாளி அவரை வேலையால் நிற்பாட்டவில்லை. மூன்றாவது வளையம் வந்தது, அதையும் பார்த்தீபன்தான் ஏற்றினான். "அண்ணை, சிலுவை," என்று அன்றும் கூப்பிட்டான். ஆனால் தேத்தண்ணிக்குப் போகும்போது அவனுடைய ஒரு கையில் கோப்பை, மற்றக் கையில் சக் சாவி. இன்றுவரைக்கும் அப்படித்தான்.