மஸூதா உட்கார மறுத்த மாடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சென்னைப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் லிபியாவின் கடாமெஸ் பற்றிப் பயணக் கட்டுரை கேட்டார். ஒட்டகம், பேரீச்சை, சூரிய அஸ்தமனம் மூன்றும் கட்டாயமாம். பத்தொன்பது வருடமாக இந்தக் கடாமெஸ் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறேன். ஆரம்பித்தேன்:

பண்டைய வணிகப் பாதையில், காலம் உறைந்து நிற்கும்

(அடித்துவிட்டேன். இந்த வெயிலில் எதுவும் உறையாது.)

2

ஆகவே, பக்கத்து வீட்டு ஸனூஸி. வழிகாட்டி. பழைய ஊரிலுள்ள தன் வீட்டைச் சுற்றுலாக்காரர்களுக்குத் திறந்துவிடுகிறவர். அன்று வாசலில் பன்னிரண்டு இத்தாலியர்கள். மனைவி மஸூதா மணக்கோலத்தில் மாடத்தில் உட்கார்ந்திருப்பாள், படமெடுக்கலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

மாடம் என்பது கூடத்து மூலையில் திரை போட்ட சின்ன இடம். இந்த ஊர்ப் பெண் அதில் இரண்டே தடவைதான் உட்காருவாள். கல்யாண இரவில் ஒரு தடவை. புருஷன் செத்து, துக்கம் கேட்க ஆட்கள் வரும்போது இன்னொரு தடவை. ஸனூஸிக்குத் தெரியாததா? ஒவ்வொரு கூட்டத்துக்கும் இதைத்தான் குரல் தழுதழுக்கச் சொல்வார். அந்தப் புருஷன் தான்தான் என்பது மட்டும் மறந்துபோகும்.

3

மஸூதா மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். சமையல் முதல் ஊர்வம்பு வரை மாடி பெண்களின் ராஜ்ஜியம். ஆண்கள் ஏறக் கூடாது. வெளிச்சத்துக்காகக் கூரையில் விட்ட துவாரத்தின் அடியில் நின்று ஸனூஸி அண்ணாந்து கத்தினார்.

"ஏ மஸூதா, அஞ்சே நிமிஷம்! மானம் போகுது, இறங்கி வா!"

"ஒரு தடவ உக்காந்தாச்சு. இன்னொரு தடவன்னா நீ செத்திருக்கணும். எப்படி வசதி?"

"சும்மா படத்துக்குத்தானடி, பைத்தியக்காரி!"

"துனிஸ் ஆஸ்பத்திரில உன் நெஞ்சக் கிழிச்சுத் தச்சாங்களே, அதுவும் சும்மாவா? காலைல மாத்திர போட்டியா?"

பக்கத்து மாடியிலிருந்து ஸனூஸியின் அக்கா குரல் கொடுத்தாள்:

"நீயே உக்காருடா தம்பி! தாடிதான் கொஞ்சம் இடிக்கும்!"

(முதல் வரைவில் 'மஸூதாவின் பிடிவாதம்' என்று எழுதியிருந்தேன். பிடிவாதமில்லை, பயம். போன குளிர்காலத்தில் அறுவைச் சிகிச்சை அறை வாசலில் ஆறு மணி நேரம் நின்றவள். அத்தனை நேரமும் அவள் கண்ணுக்குள் ஆடியது இந்த மாடத்துத் திரைதான்.)

4

கட்டுரைக்கு யோசித்த முடிவுகள்.

அ) மஸூதா சிரித்தபடி உட்காருகிறாள். ஆசிரியருக்குப் பிடிக்கும். எழுதிப் பார்த்தேன், வர மாட்டேன் என்றுவிட்டாள். ஸனூஸிக்கே மசியாதவள் எனக்கா மசிவாள்?

ஆ) ஸனூஸி வழக்கத்தை மீறிப் படியேறுகிறார். ஏழாவது படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு

(வேண்டாம். காலையில் நான் அவர் முகத்தில் விழிக்க வேண்டும்.)

5

நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஸனூஸி சட்டைப் பையைத் தடவினார். மாத்திரை அங்கேயே இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சற்று நேரத்தில் துவாரம் வழியாகக் கயிற்றில் ஒரு கூடை இறங்கியது. உள்ளே ஒரு தம்ளர் தண்ணீர்.

வாசலில் இத்தாலியர்கள் மணப்பெண் எங்கே என்கிறார்கள். வாசகரே, படம் வேண்டுமென்றால் மஸூதாவை நீங்களே மாடத்தில் உட்கார வையுங்கள். அதற்கு முன்னால் ஸனூஸியை என்ன செய்தாக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்துச் செய்யுங்கள். மனிதர் இப்போதுதான் மாத்திரையை வாயில் போட்டிருக்கிறார்.