மேல்தட்டுக்குப் போன வெள்ளை பனியன்

செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்த முதலாளி பிரபாகர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். எதிரே முதல் ரேக்கில், இத்தனை வருடமாக வெள்ளை பனியன் பெட்டிகள் உட்கார்ந்திருந்த இடத்தில், கருப்பு லெக்கிங்ஸ் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது. குடோன் பொறுப்பைப் பார்க்கிற சித்ராதேவி அவரைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த ஆர்டர் சீட்டுகளைப் பிரிக்கிறாற்போல் குனிந்துகொண்டாள்.

"ஏனுங்க சித்ரா, கருப்பைக் கொண்டாந்து வாசலுக்கு நேரா வெச்சுப்போட்டீங்க? எங்கப்பா இருந்திருந்தா நம்ம ரெண்டு பேரையுமே உள்ள விட்டிருக்க மாட்டாருங்க."

"நீங்கதான சார் மாத்திக்கச் சொன்னீக."

சொன்னார்தான். போனைக் காதில் வைத்துக்கொண்டே, "பண்ணுங்க, பண்ணுங்க" என்று கையை ஆட்டியிருந்தார். என்ன பண்ணப்போகிறாள் என்று கேட்டிருந்தால்தானே!

பல்லடம் ரோட்டில் பழைய தறிக்கொட்டகைதான் இப்போது குடோன். பெரிய முதலாளி காலத்திலிருந்து அங்கே ஒரு சட்டம் உண்டு. கருப்புச் சரக்கு வாசலைப் பார்க்கக் கூடாது. முதல் ரேக் வெள்ளைக்கு. கம்பெனி முதன்முதலாகப் போட்ட சரக்கு வெள்ளை பனியன், அது சாமி மாதிரி. கடைகளுக்கு லாரியில் மொத்தமாக ஏற்றிய காலத்தில் எது எங்கே இருந்தால் என்ன? இப்போது ஆன்லைனில் ஆளுக்கு ஒன்று, இரண்டு. எந்த ஊரிலோ ஒரு பெண் பஸ்ஸில் உட்கார்ந்தபடி கருப்பு லெக்கிங்ஸ் ஒன்று வேண்டுமென்று போனைத் தட்டினால், அதற்கு இங்கே ஒருத்தி கடைசி ரேக் வரை நடந்துபோய், ஏணி போட்டு எடுத்துவர வேண்டும். சீட்டில் பாதிக்கு மேல் கருப்புதான். வெள்ளை பனியன் கேட்டு அத்திபூத்தாற்போல் யாராவது வந்தால் உண்டு.

ஏணி போட்டு எடுத்துவரும் அந்த ஒருத்தி மூக்கம்மாள். சித்ராவுக்குப் பெரியப்பா மகன் வீட்டுக்காரி, மதினி முறை. உசிலம்பட்டியிலிருந்து வந்து பனியன் கம்பெனியில், துணியில் குறை தேடும் செக்கிங் வேலை பார்த்தவள். கண் மங்கியதும் வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார்கள். சித்ராதான் கெஞ்சிக் கூத்தாடி இங்கே சேர்த்துவிட்டாள். கண் மங்கினால் என்ன, கால் இருக்கிறதே என்று சேர்த்தால், ஒரே வருடத்தில் மூட்டு பிடித்துக்கொண்டது. ஏணியில் ஏறும்போதெல்லாம் பல்லைக் கடிப்பாள். நாலு மணிக்கு வரும் கூரியர் வண்டிக்காரன், "இன்னும் கட்டலியா?" என்று தினமும் கத்துவான். இந்த வேலையும் போனால் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அங்கே மருமகள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சோறு தின்பதற்கு இங்கேயே கிடந்து சாகலாம் என்பாள் மூக்கம்மாள்.

இதை நினைத்து நினைத்துத்தான் சித்ராவுக்கு அந்த யோசனை வந்தது. கடுகு டப்பாவை யாராவது பரண்மேல் வைப்பார்களா? ஞாயிற்றுக்கிழமை குடோனில் வேலை பார்க்கிற மூன்று பேருமாகச் சேர்ந்து சரக்கைப் புரட்டிப்போட்டார்கள். ஓடுகிற சரக்கு பேக்கிங் மேசைக்குப் பக்கத்து முதல் ரேக்கில், இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே, கை நீட்டினால் கிடைக்கிற மாதிரி. லெக்கிங்ஸ் வாங்குகிறவர்கள் சேர்த்து வாங்குகிற ஷிம்மி உள்சட்டை அதை ஒட்டியே. ஓடாதது தூரத்தில், உயரத்தில். மூக்கம்மாளோடு சரக்கு எடுக்கும் குண்டடத்துப் பையன் தரணி வெள்ளை பனியன் பெட்டிகளைக் கடைசி ரேக்கின் மேல்தட்டில் ஏற்றிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான். "இதைய எவனுங்க்கா கேக்கப்போறான்?"

பேக்கிங் மேசை ஓரத்தில் கொஞ்சம் இடம் மிச்சமானது. தையல் மிஷினோடு வந்து மூலையில் கிடந்த இரும்பு ஸ்டூல் ஒன்றை சித்ரா துடைத்து அங்கே போட்டாள். அதற்கு ஒரு கால் மட்டும் நீளம் குறைந்த கட்டைக் கால். அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்துக் காலுக்குக் கீழே செருகினாள். ஆட்டம் நின்றது.

"சரி, ரெண்டு நாளு பாப்பமுங்க" என்று பிரபாகர் ஒரு சாம்பிராணியைப் பற்றவைத்துவிட்டு டவுன் ஆபீசுக்குப் போய்விட்டார். அன்றைக்கு நடந்ததை சித்ராவாலேயே நம்ப முடியவில்லை. வண்டி வருவதற்கு வெகு நேரம் முன்பே எல்லாச் சீட்டும் தீர்ந்துவிட்டது. மூக்கம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து, காலை நீட்டி, டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.

"ஏத்தா, நான் வேலைக்கு வந்தேனா, கல்யாணத்துக்கு வந்தேனா?"

அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று! சித்ராவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தலைக்கு மேலே கேமரா ஒன்று இருப்பதை அந்தச் சந்தோஷத்தில் யார் நினைத்தார்கள்?

சாயங்காலம் பிரபாகர் போன் பண்ணினார்.

"அருமையாப் பண்ணிப்போட்டீங்க சித்ரா. வண்டிக்காரனே வாயடைச்சுப் போயிட்டானாமா." பிறகு விஷயத்துக்கு வந்தார். "கேமராவுல பாத்தனுங்க. அந்தம்மா சும்மா உக்காந்திருந்தாங்களாட்ட இருக்குது. தரணியும் போனை நோண்டிட்டு இருந்தான். இனி எடுக்கறதுக்கு ஒரு ஆளு போதுமுங்களே?"

"தீவாளிக்கு ஆர்டர் கூடும் சார். அப்ப ஆள் பத்தாது."

"அப்பப் பாத்துக்கலாமுங்க. யாரை வெச்சுக்கறதுன்னு நாளைக்கிச் சாயங்காலம் நீங்களே சொல்லிப்போடுங்க. அந்தம்மா ஏணி ஏற மாட்டாங்கன்னு தரணி சொன்னானே, நெசமுங்களா?"

"அதெல்லாம் ஏறுவாக சார்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு போனை வைத்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டதே! மதினியின் கால் நோகக் கூடாதென்றுதானே பெட்டிகளை நகர்த்தினாள்? அந்தப் பெட்டிகள் அவளையே வெளியே தள்ளுகின்றன. எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவைத்துவிடலாமா? வாசலில் கருப்பு இருந்தால் ஆகாது, கனவில் சாமி வந்து சொல்லிற்று என்று புளுகலாமா? தரணியைச் சொல்லவும் மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவை விட்டுவிட்டுப் பெட்டி சுமந்த பயல் அவன்.

வீடு திரும்புகிற கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில், மூக்கம்மாளின் காதோரம் குனிந்து சித்ரா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"மதினி, நாளைக்கு வேலை முடிஞ்சாலும் உக்காராதீக."

மூக்கம்மாள் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். பஸ் வீரபாண்டிப் பிரிவு தாண்டிய பிறகுதான், "சரித்தா" என்றாள்.

மறுநாள் மூக்கம்மாள் உட்காரவே இல்லை. சீட்டு தீர்ந்தால் துடைப்பத்தை எடுத்தாள், அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள். நொண்டுவது தெரியாமலிருக்க ரேக்கைத் தொட்டுத் தொட்டு நடந்தாள். காலடி எடுத்து வைக்கும்போதெல்லாம் சித்ராவுக்குத் தன் மூட்டே வலித்தது. என்ன நடக்கிறதென்று தரணிக்குப் புரியவில்லை. "ஏனுங்க்கா, இன்னைக்கு இந்தம்மாவுக்கு என்னாச்சுங்க?" என்றான். அவன் முகத்தைப் பார்க்க சித்ராவால் முடியவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டு, வெளியே போய் வண்டிக்கு மூட்டைகளை அடுக்கச் சொன்னாள்.

அவன் வெளியே போன நேரம் பார்த்தா அந்தச் சீட்டு வர வேண்டும்? வெள்ளை பனியன், இரண்டு. சித்ரா அதை மற்ற சீட்டுகளுக்கு அடியில் தள்ளப்போனாள். மூக்கம்மாளின் கை முந்திக்கொண்டது. மங்கிய கண்ணுக்கு அருகே சீட்டைப் பிடித்துப் படித்தாள். கடைசி ரேக்கின் மேல்தட்டைப் பார்த்தாள். பிறகு கேமராவைப் பார்த்தாள்.

"மதினி, குடுங்க. தரணி எடுப்பான்."

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

ஏணி மறுகோடியில் இருந்தது. அவ்வளவு தூரம் நடந்து அதைத் தூக்கிவர அந்தக் காலால் ஆகாது. மூக்கம்மாள் பேக்கிங் மேசையோரம் கிடந்த ஸ்டூலை ஒரு கையால் இழுத்தாள். கரகரவென்று தரையைக் கீறிக்கொண்டு அது அவள் பின்னால் போனது. மடித்துச் செருகியிருந்த அட்டைத் துண்டு மேசையடியிலேயே கிடந்தது.

சித்ரா ஓடப் பார்த்தாள். ஓடினால் கேமராவில் தெரியும். கையில் சீட்டோடு, ஏதோ வேலையாகப் போகிறவள்போல் நடந்தாள். அவள் போய்ச் சேர்வதற்குள் மூக்கம்மாள் ஒரு காலை ஸ்டூலில் வைத்து, ரேக்கைப் பிடித்து எம்பிவிட்டாள். மூட்டு மளுக்கென்று ஒலித்தது. ஸ்டூல் கட்டைக் கால் பக்கமாகச் சாய்ந்து மறுபடி எழுந்தது.

மதினியைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால், ஒரு ஆள் ஏற இன்னொரு ஆள் வேண்டுமா என்று சாயங்காலம் பிரபாகர் கேட்பார். சித்ரா கீழ்த்தட்டுப் பெட்டிகளைச் சரிபார்ப்பதுபோல் ரேக்கின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, அந்தக் கட்டைக் கால் தூக்கிய இடைவெளியில் தன் வெறும் பாதத்தை நுழைத்தாள். மேலே மூக்கம்மாள் இரண்டாவது காலையும் ஊன்றி நிமிர்ந்தாள். பாரம் முழுக்க இறங்கியது. ஸ்டூல் ஆடவில்லை.

மேலே பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பாலித்தீன் சரசரத்தது. ஆபீசில் இருப்பவருக்கும் கேட்கட்டும் என்பதுபோல மூக்கம்மாள் உரக்கக் கேட்டாள்.

"ஏத்தா, தொண்ணூறு சைஸா, தொண்ணூத்தஞ்சா?"

சித்ரா பெட்டியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே, கண்ணில் தளும்பியது கீழே விழாமல், "தொண்ணூறு மதினி. மெதுவா எடுங்க" என்றாள்.