இரண்டு நிறத்தில் ஒரு முடி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. யார் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். கறுத்த தலை, வெளுத்த தலை, வழுக்கை, எதுவானாலும் சரி. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

வசந்தம் பிறந்து இரண்டாவது ஞாயிறு, காலை எட்டேகால் மணிக்கு, மெக்கானிக் வீட்டு மூன்றாம் மாடிப் பால்கனியில், தலைக்குக் குளித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கிப்போன மனைவியின் தலையிலிருந்து ஒரு கொண்டைக்குருவி கூடு கட்ட முடி பிடுங்கியது. முதல் இழுப்பில் வரவில்லை. குருவி நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு நாற்காலியின் முதுகில் இரண்டு காலையும் அழுத்தி ஊன்றிக்கொண்டு, கிணற்றில் வாளி இழுப்பவர்களைப்போல உடம்பைப் பின்னால் சாய்த்து ஒரே இழு. முடி வந்துவிட்டது. மனைவி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டே இருந்தாள். சமையலறை வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற மெக்கானிக் கேமராவை அமுக்கினார்.

மெக்கானிக் என்றால் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. முப்பத்தெட்டு வருடம் இருட்டுக் குழிக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கம்பிவடத்தில் எந்த இழை அறுந்திருக்கிறது என்று தடவித் தடவிப் பார்த்த மனுஷர். வெளியே வந்ததும் வெளிச்சத்தின்மேல் அப்படியொரு பேராசை வந்துவிட்டது. மகள் புதிது வாங்கியபின் இங்கே போட்டுவிட்டுப் போன பழைய கேமராவை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அதன்பின் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றினார். லீவுக்கு வந்து வாயில் நுரையோடு பல் தேய்க்கும் மகள், செய்தித்தாளை முகத்தில் போர்த்திக்கொண்டு உறங்கும் மாப்பிள்ளை, தண்ணீர்க் குழாயோடு சண்டை போடும் மனைவி, பால்கனிக்கு எதிரே மூன்றாம் மாடி உயரத்துக்கு நின்ற மரத்தில் முதல் துளிர், இரண்டாம் துளிர், மூன்றாம் துளிர். "மனுஷன் நிம்மதியாத் தும்மக்கூட முடியல இந்த வீட்டுல" என்று மாப்பிள்ளை சொன்னது நியாயமான புகார்தான். தும்மலும் எடுத்து வைத்திருந்தார்.

ஆனால் அவர் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பது வேறொரு சங்கதி. ஒருமுறை பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் பழுது பார்க்கப் போனபோது லிஃப்ட் நிற்காமல் மேலே போய்ப் பதினைந்தாம் மாடியில் திறந்தது என்றும், அங்கே ஒரு அம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள் என்றும், "மழை வருதா கீழே?" என்று கேட்டாள் என்றும் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து குடியிருப்பில் அவருக்குப் 'பதினஞ்சாம் மாடி' என்றே பெயர். குருவி முடி பிடுங்கியதை மனைவியை எழுப்பிச் சொன்னபோது அவள் கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல், "இது எத்தனாவது மாடி?" என்று கேட்டாள்.

படத்தைக் காட்டினார். பார்த்தாள். "என்னமோ பண்ணியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதவுக்குப் பின்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு அவள் தலைக்குச் சாயம் பூசுவாள். இது பதினான்கு வருட ரகசியம். அழைப்புமணி அடித்தால் "அவ மார்க்கெட் போயிருக்கா" என்று சொல்வது மெக்கானிக்கின் வேலை. காலி டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றி, பைக்குள் வைத்து, இரண்டு தெரு தள்ளியிருக்கும் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வருவதும் அவர் வேலைதான். குடியிருப்பில் அவள் தலையைப் பார்த்துப் பொறாமைப்படாத பெண் கிடையாது. "எங்க குடும்பத்துல நரை லேட்டாத்தாங்க வரும்" என்பாள், தலையைக் குனிந்து, வகிடு தெரியும்படியாக. அந்த வருடம் குளிருக்குப் பயந்து இரண்டு மாதம் தள்ளிப்போட்டு, தலையில் ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு சமாளித்திருந்தாள். மரம் பூத்துக் குலுங்கி எதிர்வீட்டு ஜன்னல்களை மறைத்த பிறகுதான் பால்கனிக்கு வந்து தலையை விரித்தாள்.

குடியிருப்போர் சங்கம் 'என் வீட்டில் வசந்தம்' என்று புகைப்படப் போட்டி வைத்தது. நான்கு வாரம் கழித்து, கீழ்த்தளக் கூடத்தில், கொடியில் கிளிப் போட்டு முப்பது படங்களைத் தொங்கவிட்டார்கள். மெக்கானிக் யாரிடமும் சொல்லாமல் குருவிப் படத்தைக் கொடுத்திருந்தார். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை உண்மையைப் பெரிதாக்கி, கண்ணாடிபோல் பளபளக்கும் தாளில் அச்சடித்து வைத்திருக்கிறோம், இனி எந்தப் பயல் பதினைந்தாம் மாடி என்று கூப்பிடுகிறான் பார்ப்போம் என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி, மடியில் கைப்பையோடு. அவளுக்கு அங்கே வந்தபின்தான் தெரியும். கொடியில் தன் திறந்த வாயைப் பார்த்ததும் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

நடுவராக வந்தவர் தெருமுனை ஸ்டுடியோக்காரர். பாஸ்போர்ட் படம் எடுப்பவர். அறுபது வயது, மை தொட்டு வைத்ததுபோல் மீசை. குருவிப் படத்தின்முன் வெகுநேரம் நின்றார். பூதக்கண்ணாடியை எடுத்தார். மெக்கானிக் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். ஸ்டுடியோக்காரர் திரும்பி, பென்சில் நுனியால் குருவியின் அலகைத் தொட்டுக் காட்டினார்.

"எல்லாரும் பாருங்க. வாயில இருக்கற முடி, வேர்ப்பக்கம் ரெண்டு விரக்கடை வெள்ளை. அதுக்கு மேல கன்னங்கரேல்னு கறுப்பு. உலகத்துல யாருக்காவது ஒரே முடி ரெண்டு கலர்ல இருக்குமா? கம்ப்யூட்டர் இங்கதான் மாட்டிக்கிச்சு."

மெக்கானிக் கையை உயர்த்தினார். கேமராவின் மெமரி அட்டையை இப்போதே கழற்றிக் காட்டுகிறேன் என்றார். அட்டைக்குள்ளேயே எல்லாம் செய்துவிடலாம் இந்தக் காலத்தில் என்று ஸ்டுடியோக்காரர் சிரித்தார். கூடம் சேர்ந்து சிரித்தது.

கம்பிவடத்தில் முந்நூறு இழைக்கு நடுவே அறுந்த ஒன்றைக் கண்டுபிடிக்கும் கண் அது. வெள்ளையையும் கறுப்பையும் அவர் முதல் நாளே பார்த்திருந்தார். பதினான்கு வருடமாகப் பார்த்துப் பழகியதால் அதில் ஒன்றும் தோன்றவில்லை. முடி என்றால் வேரில் வெள்ளையும் நுனியில் கறுப்பும்தானே என்று இருந்துவிட்டார். இப்போதுதான் கூடத்தைப் பார்த்தார். முன்வரிசையில் ஒன்பது தலை. எல்லாம் ஐம்பதைத் தாண்டியவை. எல்லாம் கறுப்பு. இளமையின் கறுப்பில் பழுப்பு இருக்கும், செம்பட்டை இருக்கும், மினுமினுப்பு இருக்கும். இது ஒரே டப்பாவிலிருந்து வந்த ஒரே கறுப்பு. செயலாளர் தலை, பொருளாளர் தலை, பொருளாளர் மனைவி தலை. ஒரே முடி எப்படி இரண்டு நிறமாகும் என்று தெரியாத ஒருத்தரும் அந்த வரிசையில் இல்லை. பூதக்கண்ணாடி பிடித்திருந்தவர் மூக்குக்குக் கீழேயே பதில் இருந்தது. ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே. அத்தனை பேரும் கொடியில் தொங்கும் படத்தை, அப்படியொரு அதிசயத்தைக் கண்டதே இல்லை என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது வருடமாகத் தன்னைப் புளுகன் என்று சொன்னவர்கள் இவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டார். நானாவது வாயால்தான் புளுகினேன். இவர்கள் தலையால் புளுகுகிறார்கள்.

எழுந்தார். ஒரு வாக்கியம் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது பக்கத்தில் ஒரு சின்னச் சத்தம். மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். திறந்தாள், மூடினாள். குனிந்திருந்தாள், ஆனால் வகிடு யாருக்கும் தெரியாதபடி புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டிருந்தாள்.

"ஆமா" என்றார் மெக்கானிக். "கம்ப்யூட்டர்லதான் பண்ணேன்."

"அப்பவே தெரியும்" என்றார் செயலாளர். அவ்வளவுதான். யாரும் ஆதாரம் கேட்கவில்லை, பூதக்கண்ணாடி கேட்கவில்லை. பதினைந்தாம் மாடியை எவ்வளவு பாடுபட்டுக் கட்டினார், துணி, மழை, அந்த அம்மாளின் குரல் என்று எத்தனை வேலைப்பாடு. அதை ஒரு ஆள் நம்பியதில்லை. இந்த மூன்று சொல் பொய், தலையும் காலும் இல்லாத சப்பைப் பொய், இதைக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அரை நொடியில் விழுங்கிவிட்டார்கள். அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது. முதல் பரிசு செயலாளருக்குப் போனது. சூப்பர் மார்க்கெட் வாசலில், பிளாஸ்டிக் வாளியில் இருந்த பூங்கொத்துதான் அவர் எடுத்த படம். வாளியில் விலைச்சீட்டும் தெளிவாக விழுந்திருந்தது.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மனைவி மூச்சு வாங்க நின்றாள். நன்றி என்று ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார்.

"வாயத் தொறந்துட்டுத் தூங்கறத ஊருக்கே காட்டணுமா?" என்றாள்.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு செய்தவனுக்கு இதுவா என்று அரை மாடி முழுக்க முணுமுணுத்தார். அவள் சாவியைத் தேடிக்கொண்டே, "ஆமா, கம்ப்யூட்டருக்கு ஸ்விட்ச் எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

"தெரியாது."

"அதான பாத்தேன்." கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிறு சாயம் பூசும் ஞாயிறு. மெக்கானிக் வழக்கம்போல அழைப்புமணிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் வரவில்லை. டப்பா அலமாரியிலேயே இருந்தது. எட்டிப் பார்த்தபோது அவள் பால்கனியில் இருந்தாள். நாற்காலியை மரத்துக்கு முதுகு காட்டிப் போட்டு, ஈரத்தலையை நாற்காலிக்குப் பின்னால் முழுக்க விரித்துவிட்டிருந்தாள். வகிட்டில் நூல்பிடித்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு.

"இன்னைக்கு வருமா அது?"

"தெரியல."

"கேமராவ ரெடியா வெச்சுக்கங்க. நான் முழிச்சேதான் இருப்பேன். வாய் மூடியிருக்கான்னு பாத்துட்டு அமுக்குங்க."

சமையலறை வாசலில் நின்று கேமராவை உயர்த்தினார். கண்ணாடிச் சதுரத்துக்குள் முதலில் மரம் வந்தது. இளஞ்சிவப்புப் பூக்கள் பாதி உதிர்ந்து, மீதிப் பாதிக்குள்ளிருந்து இலைகள் வெளிச்சத்தைத் தள்ளிக்கொண்டிருந்தன. பிறகு அவளுடைய விரிந்த தலை. பிறகு, கம்பி ஓரத்தில், கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு அது. தலையைச் சாய்த்து இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது, புடவைக் கடையில் எதை எடுப்பது என்று முடிவுக்கு வராதவர்களைப்போல. மனைவி மூச்சு விடாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து நரம்பு துடிப்பது அவருக்குத் தெரிந்தது. குருவி நாற்காலியின் முதுகுக்குத் தாவியது.

அந்தக் குடியிருப்பில் கார் நிறுத்த இடம் போதவில்லை என்று பதினொரு வருடத்துக்கு முன்பே சுவரிலிருந்து சுவர்வரை சிமெண்ட் போட்டுவிட்டார்கள். மரம் என்று ஒன்றுகூட இல்லை. இதற்கும் யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்யலாம்.