பலகைக்கு அந்தப் பக்கம்

பக்கவாதம் வந்து என் தங்கைக்குப் பேச்சும் வலது பக்கமும் போயின. அவள் கட்டிலை ஒட்டி ஒரு பழைய ஜன்னல். உள்பக்கம் பலகை அடித்து மூடியது. ஜன்னலின் வெளிக்கதவில் இருந்த ஓட்டை வழியாக ஒரு தேனீக் கூட்டம் இரண்டுக்கும் நடுவே குடியேறிவிட்டது. வாடகை இல்லாத வீடு கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

பலகையைத் தொட்டால் ரீங்காரம் விரலில் தெரியும், இளஞ்சூடாகவும் இருக்கும். கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் என்ன குட்டிக்கரணம் போட்டும் அசையாத அந்த வலது கை, ஒருநாள் மெல்ல ஊர்ந்துபோய்ப் பலகையில் ஒட்டிக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தக் கை வந்தால் மற்றதும் வரும் என்றாள் அந்தப் பெண்.

நான் என் வீட்டுக்கு ஒரு நடை போய்த் திரும்புவதற்குள் தங்கையின் புருஷன் முந்திக்கொண்டார்.

"பலகையையே கை காட்டிக்கிட்டிருந்தாக்கா. பயந்துட்டாளோன்னு ஆளக் கூப்பிட்டு மருந்தடிச்சிட்டேன்."

"காட்டல மாப்ள. தொட்டுக்கிட்டிருந்தா."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

மருந்தடித்தவர் பலகையைப் பெயர்த்துத் தேனடையை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். தூசி பறந்தால் இவளுக்கு இருமல் வரும் என்று இவர் மறுத்திருக்கிறார். அவ்வளவு கரிசனம். அந்தக் கரிசனத்தைக் கொண்டுபோய் உடைப்பில் போட.

சிறகடித்துக் குளிர்விக்கத் தேனீ இல்லாமல் அடை வெயிலில் உருகியது. பலகையின் கீழே தேன் கசிந்து மெத்தைவரை வந்தது. ஒரு காலையில் போர்வையை விலக்கினேன். வலது கை முழுக்க எறும்பு. அவள் விழித்துத்தான் இருந்தாள். நல்ல கையால் தட்டிவிட்டிருக்கலாம். தட்டவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது.

நான் அவள் கையைத் துடைத்துக் கட்டிலை நகர்த்தினேன். மாப்பிள்ளை கடப்பாரையால் பலகையைப் பெயர்த்தார். கறுத்த அடைக்குக் கீழே செத்த தேனீக்கள் குவிந்து கிடந்தன. எல்லாவற்றையும் வாளியில் அள்ளினார். கழுவித் துடைத்துவிட்டு அதே பலகையைத் திரும்ப அடித்தார். கட்டிலையும் பழைய இடத்துக்கே தள்ளினார்.

"அவ கையப் பலகையில வைங்கக்கா," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

வைத்துப் பிடித்துக்கொண்டேன். வெளிப்பக்கமிருந்து 'ம்ம்ம்' என்று ஓசை வந்தது. ஆபீஸில் பத்துப் பேரை மேய்க்கிற மனுஷன், ஜன்னலின் வெளிக்கதவைத் திறந்து பலகையில் வாயை ஒட்டிக்கொண்டு ரீங்கரித்தார். பலகை லேசாக அதிர்ந்தது. என் கையை எடுத்தேன். அவள் கை வழுக்கி மெத்தையில் விழுந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஓசை நின்றது. "கை வச்சிருக்காளாக்கா?" என்று கேட்டார். மூச்சு வாங்கியது அவருக்கு.

நறுக்கென்று கேட்க எனக்கு நிறைய இருந்தது.

"வச்சிருக்கா மாப்ள," என்றேன். "நிறுத்தாதீங்க."