தென்றலுக்கு ஓர் அறை

வேலை போன பத்தொன்பதாம் நாள் காலையில் திருமூர்த்தி காரை எடுத்தார். நியூ ஜெர்சி எடிசனிலிருந்து முதலில் டெக்சாஸில் கேட்டி. அங்கிருந்து கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட். ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் பழைய நண்பர்களைப் பார்த்து விடைபெற்று வரும் பயணம் என்று அவரும் மனைவி சாந்தியும் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்கள். பின் சீட்டில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த மகள் தென்றலுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அறுபது நாள் அவகாசம். அதற்குள் இன்னொரு கம்பெனி எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். திருமூர்த்தியும் சாந்தியும் உடுமலைப்பேட்டையிலிருந்து வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. கிரீன் கார்டு வரிசையில் நின்றதே பன்னிரண்டு வருஷம். தென்றல் மட்டும் இங்கே பிறந்தவள், அமெரிக்கக் குடிமகள். பதினாறு வயது, பதினோராம் வகுப்பு. இன்னும் ஒன்றேகால் வருஷம் போனால் ஹைஸ்கூல் முடியும். தமிழ் புரியும், பேச வராது. அவளைக் கொண்டுபோய்க் கோயம்புத்தூரில் பிளஸ் டூ எழுத வைப்பதை சாந்தியால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அதனால்தான் இந்தப் பயணம். அந்த ஒன்றேகால் வருஷம் தென்றலை யாராவது தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். எடிசனில் தெரிந்தவர்கள் எல்லாம் இரண்டு அறை அபார்ட்மென்ட்காரர்கள், அவர்கள் தலைக்கு மேலும் இதே விசா தொங்கிக்கொண்டிருந்தது. சொந்த வீடும் சிட்டிசன்ஷிப்பும் உள்ள நெருங்கிய நண்பர்கள் இரண்டே குடும்பம். மூன்று குடும்பமும் ஒரு காலத்தில் எடிசனில் ஒரே மாடியில் இருந்தவர்கள். போனிலேயே கேட்டுவிடலாமே என்று சாந்தி சொன்னாள். திருமூர்த்தி வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"போன்ல கேட்டா போன்லயே இல்லைன்னு சொல்லிருவாங்க. நேர்ல போனா அவளைப் பாப்பாங்கல்ல."

லூசியானாவில் ஒரு ரெஸ்ட் ஏரியாவில் காரை நிறுத்தி அவர் ஒரு போன் இன்டர்வியூ கொடுத்தார். நாற்பது நிமிஷம் நன்றாகத்தான் பேசினார். கடைசியில் விசாவைப் பற்றிக் கேட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு நிமிஷத்தில் நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். சாந்தி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனைப் பையில் போட்ட பிறகும் அவர் எதிரே இருந்த பைன் மரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கேட்டியில் வெங்கடகிருஷ்ணனின் வீடு மாடியோடு நான்கு படுக்கையறை. அவர் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். மகன் ஆஸ்டினில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தான். தென்றல் பிறந்த அன்று பனிப்புயலில் திருமூர்த்தியின் பஸ் மாட்டிக்கொண்டது. சாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பிரசவ அறையில் நின்றது வெங்கடகிருஷ்ணனின் மனைவி பிரீத்தி. அதை நம்பித்தான் வந்திருந்தார்கள்.

வீட்டுக்குள் போவதற்கு முன்பே சாந்தி மகளுக்குக் குர்தா மாற்றச் சொன்னாள். சாப்பிட்டு முடித்ததும் எல்லாத் தட்டையும் எடுத்துக் கழுவச் சொன்னாள். டிஷ்வாஷர் இருக்கே என்று பிரீத்தி தடுத்தபோது, "பரவால்ல பிரீத்தி, அவ வீட்டுல எல்லா வேலையும் செய்வா" என்றாள். அது உண்மை இல்லை. தென்றல் அம்மாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தட்டுகளைக் கழுவினாள்.

சாயந்திரம் ஏரிக்கரையில் நடக்கும்போது திருமூர்த்தி நண்பரிடம் கேட்டார். செலவு முழுக்கத் தன்னுடையது, வேண்டியது ஒரு அறை மட்டும்தான் என்றார். பிரீத்தியிடம் பேசிவிட்டுச் சொல்வதாக வெங்கடகிருஷ்ணன் சொன்னார். தோளில் கைபோட்டுக்கொண்டுதான் சொன்னார்.

காலையில் காபி கொடுக்கும்போது பேச்சை எடுத்தது பிரீத்தி. மாமனார் மாமியார் ஜூனில் வருகிறார்கள், ஆறு மாதம் இருப்பார்கள் என்றாள். கார்டியன் பேப்பர், இன்சூரன்ஸ் இதெல்லாம் பெரிய தலைவலி என்று கேள்விப்பட்டதாகச் சொன்னாள். பிறகு காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பையனா இருந்தாக்கூட யோசிக்கலாம் சாந்தி. வயசுப் பொண்ணு. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா உனக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

சாந்திக்கு அதற்குப் பதில் இருந்தது. ஆனால் கேட்பவள் பதிலுக்காகக் கேட்கவில்லை என்று தெரிந்ததால் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கிளம்பும்போது பிரீத்தி வழிக்குத் தின்ன முறுக்கும் எலுமிச்சம்பழச் சாதமும் கட்டிக் கொடுத்து, தென்றலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை பொய் இல்லை.

சான் அன்டோனியோ தாண்டி ஃப்ரீவே வெறுமையாகிப்போன இடத்தில் தென்றல் ஹெட்போனைக் கழற்றினாள்.

"அம்மா, ஆர் யூ கிவிங் மீ அவே?"

என்னை யாருக்காவது கொடுத்துவிடப் போகிறீர்களா என்று கேட்டாள். திருமூர்த்தி அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஒரு கேஸ் ஸ்டேஷன் ஓரமாகக் காரை நிறுத்தி, பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. பிரீத்தி ஆன்ட்டி என்ன சொன்னாள் என்று மட்டும் கேட்டாள். முடியாது என்று சொன்னதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எல் பாஸோ வரும் வரை அப்படியே இருந்தாள். பிறகு, தமிழில் ஒரு வாக்கியம் சொல்லிக் கொடு என்று அம்மாவிடம் கேட்டாள். நிருஜா ஆன்ட்டியிடம் தானே கேட்பதாகச் சொன்னாள். அவளுக்கு இந்தியாவுக்குப் போக விருப்பமில்லை என்பதை, இங்கேயே இருந்துவிட எவ்வளவு ஆசைப்படுகிறாள் என்பதை, சாந்தி அப்போதுதான் முழுசாகப் புரிந்துகொண்டாள். நியூ மெக்ஸிகோவும் அரிசோனாவும் கடந்துபோகும் வரை அந்தப் பெண் பின் சீட்டில் அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். 'தொந்தரவு' என்ற சொல் அவள் நாக்கில் நிற்கவே இல்லை.

நிருஜா யாழ்ப்பாணத்துக்காரி. கணவர் கபிலாஷுக்கு சான்டா கிளாராவில் சிப் டிசைன் வேலை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. தென்றல் பிறந்தபோது சாந்தியின் அம்மாவுக்கு விசா மறுத்துவிட்டார்கள். முதல் மாதம் முழுக்கத் தினமும் காலையில் வந்து குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிவிட்டுப் போனது நிருஜா. அவள் இல்லை என்று சொல்வாள் என்று சாந்தி ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். நிருஜா மௌரி அவென்யூவில் இருக்கும் இந்தியக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்து, இடியப்பமும் சொதியும் செய்து வைத்திருந்தாள். தென்றலின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். வீட்டைச் சுற்றிக் காட்டும்போது பின்பக்கத்து அறையைத் திறந்து, இது சும்மாதான் கிடக்கிறது என்றாள். ஜன்னலுக்கு வெளியே எலுமிச்சை மரம் நின்றது. சாந்தி கணவரைப் பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு எழுந்ததும் தென்றல் நிருஜாவுக்கு எதிரில் போய் நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நான் இங்க இருந்து படிக்கறேன். உங்களுக்கு ஒரு தொந்தரவும் குடுக்க மாட்டேன்."

ஒரு தடுக்கல் இல்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டு அம்மா பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

நிருஜாவின் முகம் வெளுத்துப்போனது. எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். கபிலாஷ் தென்றலிடம் எலுமிச்சை மரத்தைக் காட்டுகிறேன் என்று தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். சாந்தி சமையலறைக்குப் போனபோது நிருஜா சிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சாந்தி எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். அறுபது நாள் கணக்கையும், கேட்டியில் நடந்ததையும். நிருஜா குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, எனக்குப் பதினஞ்சு வயசில, சண்டை நேரம், அம்மாவும் அப்பாவும் என்னைக் கனடாவில ரொறன்ரோவுக்கு மாமா வீட்டை அனுப்பினவை. கொஞ்ச நாள்தான், நாங்கள் பின்னால வந்திடுவம் எண்டு சொன்னவை. அந்த வாசல்ல நிண்டு நானும் இதைத்தான் சொன்னனான். உங்களுக்கு ஒரு கரைச்சலும் தரமாட்டன் எண்டு."

மாமாவும் மாமியும் நல்லவர்கள்தான் என்று அவள் சொன்னாள். ஒரு நாள்கூட யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் பதினோரு வருஷம் அந்த வீட்டில் அவள் சத்தமாகக் கதவு சாத்தியதில்லை, காய்ச்சல் என்றால் சொன்னதில்லை. அம்மாவை மறுபடி பார்த்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. அப்பா அதற்குள் இறந்துவிட்டிருந்தார். அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தபோது என்ன பேசுவதென்றே தெரியவில்லை. இன்று வரை தெரியவில்லை.

"அந்த வீட்டில என்னை ஆரும் கொடுமைப்படுத்தேல்ல. எண்டாலும் நான் பிறகு ஒருத்தற்றை பிள்ளையாவும் இருக்கேல்ல. அவளை உங்களோட கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா. என்னால ஏலாது."

சாந்தி கெஞ்சினாள். இது போர் இல்லை, ஒன்றேகால் வருஷம்தான், தினமும் வீடியோ காலில் பேசலாம், விசா கிடைத்தால் வந்து பார்ப்போம் என்றாள். நிருஜா முடியாது என்று தலையை அசைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் சாந்திக்கு என்ன பேசுகிறோம் என்பதே தெரியாமல் போயிற்று.

"அது உன் கதை நிருஜா. என் பொண்ணு ஏன் அதுக்குத் தண்டனை அனுபவிக்கணும்? பெத்திருந்தாத் தெரியும் உனக்கு."

நிருஜா ஒரு துணியை எடுத்து மேடையைத் துடைக்கத் தொடங்கினாள். சுத்தமாக இருந்த மேடையையே துடைத்தாள்.

அன்றைக்கு அங்கே தங்குவதாக இருந்தது. தங்கவில்லை. கபிலாஷ் இரண்டு முறை தடுத்துப் பார்த்தார். நிருஜா வாசலுக்கு வந்து, கார் கண்ணாடிக்குக் குனிந்து, தென்றலிடம் மட்டும் ஏதோ சொன்னாள். தென்றல் கண்ணாடியை இறக்கவில்லை. நிருஜா ஏன் மறுத்தாள் என்று அவளுக்கு யாரும் விளக்கவில்லை. தன் தமிழ் சரியில்லாமல் போயிற்றா என்று அவள் சாக்ரமென்டோ தாண்டியதும் கேட்டாள். இல்லை, நன்றாகச் சொன்னாய் என்று திருமூர்த்தி சொன்னார். திரும்பி வந்த மூவாயிரம் மைலிலும் அவள் பேசியது அதற்குப் பிறகு மிகக் குறைவு. நெப்ராஸ்காவில் ஒரு தடவை மட்டும், பதினெட்டு வயது ஆனதும் தான் தனியாக வந்துவிட முடியும் அல்லவா என்று கேட்டாள். முடியும் என்றார் அப்பா.

"நீங்க வர முடியாது" என்றாள் ஆங்கிலத்தில்.

அது கேள்வியாக இல்லை.

ஐம்பத்தெட்டாம் நாள் மூன்று பேரும் விமானம் ஏறினார்கள். இப்போது கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு வாடகை ஃப்ளாட்டில் இருக்கிறார்கள். திருமூர்த்திக்கு நாற்பத்தேழு வயது. இன்டர்வியூவுக்குப் போகும் இடமெல்லாம் உங்கள் அனுபவம் எங்களுக்கு அதிகம் சார் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புகிறார்கள். தென்றல் மறுபடியும் பதினோராம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள், தன்னைவிட ஒரு வயது சின்னவர்களோடு. அவள் அறையில் பதினெட்டாவது பிறந்தநாள் வரைக்குமான மாதங்களைத் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறாள். அம்மா அந்தத் தாளைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

போன வாரம் சாந்தி நிருஜாவுக்குப் போன் செய்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான்கு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். நிருஜா எடுத்தாள். அவளை அந்தச் சொல்லுக்கு வரவே விடவில்லை. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

"ஸ்கூலுக்குப் போறா, சாப்பிடறா" என்றாள் சாந்தி. "எங்ககூடப் பேசறதில்ல."

அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று சாந்தி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை, நிமிஷங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடியும் காதில் வைத்துக்கொண்டாள்.