ஒன்றேகால் அங்குலம்

ஹார்லனின் மரக்கட்டையை என் துப்பாக்கியில் மாட்டிய அன்றே அது எனக்கு நீளம் என்று தெரிந்துவிட்டது. ஆர்டிஸிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஹார்லன் அவளுடைய முதல் கணவர். இறந்து ஆறு வருடமாகிறது. எனக்கும் அவளுக்கும் போன ஏப்ரலில்தான் கல்யாணம். எனக்கு அறுபத்தாறு, அவளுக்கு அறுபத்து நாலு. வடக்கு டகோட்டாவில் எங்கள் பக்கம் அக்டோபர் பிறந்தால் பாதி ஊர் ஃபெசன்ட் கோழி சுடக் கிளம்பிவிடும். நாங்களும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. என் துப்பாக்கியில் தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டை கறுப்பு பிளாஸ்டிக். சேற்றில் விழுந்தாலும் துடைத்துக்கொண்டு நடக்கலாம். ஆர்டிஸுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

“என்னய்யா இது, குப்பைக்கூடைக்குக் கைப்பிடி போட்ட மாதிரி?”

ஒருநாள் நிலவறையிலிருந்து அந்த வால்நட் மரக்கட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஹார்லனின் துப்பாக்கி துருப்பிடித்து வீணானபோது கழற்றி வைத்தது. இரண்டும் ஒரே மாடல். பின்பக்க ரப்பரை எடுத்துவிட்டு, நீளத் திருப்புளியை உள்ளே விட்டு ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றினேன். பிளாஸ்டிக் வந்துவிட்டது, மரம் சொன்ன பேச்சைக் கேட்பதுபோல் போய் உட்கார்ந்தது. ஆர்டிஸ் கைதட்டினாள்.

ஹார்லன் ஆறடி நாலு அங்குலம். நான் பூட்ஸ் போட்டால் ஐந்தரை. பயிற்சி மைதானத்தில் துப்பாக்கியைத் தூக்கும்போதெல்லாம் கட்டை என் அக்குளில் சிக்கியது. குறிபார்த்துச் சுட வீசிய இருபத்தைந்து மண்தட்டுகளில் நாலுதான் உடைந்தன.

“தட்டு மேல உனக்கு அவ்வளவு பரிதாபமா, ஓரின்?” என்றான் பக்கத்தில் நின்று சுட்டுக்கொண்டிருந்த என் நண்பன் ராய்ஸ்.

வீட்டில் கண் சரியில்லை என்று சொல்லிவைத்தேன். அவள் விடவில்லை, கண் டாக்டரிடமே இழுத்துப் போய்விட்டாள். திரும்பும்போது காரை அவள்தான் ஓட்டினாள்.

“கழுகுக்கண்ணுன்னு டாக்டர் சொல்றாரு. அப்ப கோளாறு எங்க?”

“கட்டை நீளம்.”

“எப்பலேருந்து தெரியும்?”

“மாட்டுன அன்னைலேருந்து.”

காய்ந்த சூரியகாந்தி வயல் ஒன்றைத் தாண்டியதும் காரின் வேகத்தைக் குறைத்தாள்.

“வெட்ட வேண்டியதுதானே?”

“ஹார்லனோடது, ஆர்டிஸ்.”

“ஆமா, ஹார்லனோடதுதான். அதுக்காக ஹார்லன் கையை எங்க போய் வாங்கி உனக்கு ஒட்டவைக்கிறது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான்.

வீட்டுக்கு வந்ததும் என் முழங்கையை மடக்கச் சொல்லி அளந்தாள். கட்டை ஒன்றேகால் அங்குலம் அதிகம். மரம் சிலும்பாமலிருக்க டேப் சுற்றி, பென்சிலால் கோடு போட்டு, ரம்பத்தை என்னிடம் நீட்டினாள். வாங்கினேன், கை நகரவில்லை. அவளே பிடுங்கிக்கொண்டாள். பாதி அறுத்ததும் நின்று, கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள்.

“போதும் ஆர்டிஸ், பிளாஸ்டிக்கையே மாட்டிக்கறேன்.”

“கண்ணுல தூசி. நீ கெட்டியாப் பிடி, ஆடுது.”

துண்டு விழுந்த சத்தம் கேட்டது. இருவருமே குனியவில்லை. அவள் அறுத்த இடத்தை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தாள். நான் ரப்பருக்கு ஸ்க்ரூ தேடப் போனேன்.

சனிக்கிழமை காலை உயரப் புல்லுக்குள் இருவரும் இறங்கினோம். புல் நுனியெல்லாம் உறைபனி. பத்தடி முன்னால் ஒரு ஃபெசன்ட் சேவல் கத்திக்கொண்டு கிளம்பி, நீள வாலோடு சூரியனுக்கு நேராக எழும்பியது. கட்டை எங்கும் சிக்காமல் என் தோளுக்கு வந்து சேர்ந்தது. பக்கத்தில் ஆர்டிஸ் தன் துப்பாக்கியைத் தூக்கவே இல்லை, சேவலையும் பார்க்கவில்லை. அவள் என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.