எழுநூற்றைம்பதுக்குள் ஒரு வீடு

ஒரே கூரை, நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் மருதாத்தாள், இந்தப் பக்கம் நான். மண் மட்டும் பண்ணாடி ரத்தினசாமியுடையது. வருஷாவருஷம் தரைவாடகை கொடுக்கிறோம். எழுபதில் கேரளத்தில் புதுச் சட்டம் வந்ததும் மனு போட்டோம். வீடு கட்டிய செலவு எழுநூற்றைம்பது ரூபாய்க்குள் இருந்தால் அது குடிசைக் கணக்கு, அடிமண் நமக்கே கிடைக்கும். அதற்கு மேல் போனால் பண்ணாடி எங்களைக் கிளப்பிவிடலாம்.

"ஆபீசர் கேட்டா அறுநூறுன்னு மட்டும் சொல்லு. வேற வாயத் தொறக்காத," என்று என் வீட்டுக்காரர் குப்பண்ணன் மூன்று நாள் பாடம் நடத்தினார். நான் என்ன பச்சைப்பிள்ளையா?

கொல்லங்கோட்டிலிருந்து ஆபீசர் வந்தார். பின்னாலேயே பண்ணாடி, சிரித்த முகமாக.

ஆபீசர் முதலில் மருதாத்தாளிடம் மலையாளத்தில் செலவைக் கேட்டார். "வீடு பணியான் எத்ர செலவாயி?"

"எழுநூறுங்க சார்."

பண்ணாடி என்னைப் பார்த்துக்கொண்டே, "ஆமாங்க, ரெண்டுல மருதாத்தா ஊடுதான் ஒசத்தி," என்றார்.

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. அவள் வீடா உயர்த்தி? மழை வந்தால் அவள் அடுப்படியில் குடை பிடித்துக்கொண்டுதான் சோறு வடிக்க வேண்டும்!

"எங்கூடு ஆயிரமுங்க சார்! கதவு பொள்ளாச்சித் தேக்கு!" என்றேன்.

பண்ணாடிக்கு வாயெல்லாம் பல். குப்பண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆபீசர் பேனாவைத் திறந்தார். ஐயோ, குடியிருக்கிற வீட்டை வாயாலேயே தொலைத்துவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது.

"பொய்யிங்க சார்!" மருதாத்தாள் பாய்ந்து வந்தாள். "தேக்காம் தேக்கு! பண்ணாடி மாட்டுக்கொட்டாய் விழுந்தப்பப் பொறுக்குன கதவுங்க. சாணி வாசம் இன்னும் போகல, மோந்து பாருங்க. செங்கல்லு பூரா சூளையில தள்ளுன ஒடசலு. நடுச்செவுரு நாங்க வெச்சது. இவ போட்டது ஐந்நூறு தேறாது!"

ஆபீசர் நிஜமாகவே கதவை மோந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சரியாணோ?"

வாசலில் பாதி ஊர் நின்றது.

"ஆமாங்க," என்றேன். "மழ பேஞ்சா வாசம் இன்னும் தூக்கலா வருமுங்க."

நானூற்றெண்பது என்று எழுதிக்கொண்டு போனார். நான் மருதாத்தாள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். "அட, அழுகாத புள்ள. மண்ணு நமக்காச்சல்ல," என்று தன் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

அதோடு விட்டாளா, மகராசி? 'எங்கூடு எழுநூறு, ராசம்மா ஊடு நானூத்தெம்பது, சர்க்காரே எழுதியிருக்குது' என்று சந்தையிலும் கிணற்றடியிலும் சொல்லித் தீர்க்கிறாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். பண்ணாடி அப்பீல் போட இன்னும் பதினேழு நாள் இருக்கிறது.

பதினெட்டாம் நாள் விடியட்டும், அவள் அடுப்படியைப் பற்றி நான் பேசுகிறேன்.